பிடிஎஸ் முடித்தவருக்குச் சம்பளம் எவ்வளவு? வேலையை ஒப்புக்கொள்ளும் முன் போட வேண்டிய கணக்கு

பிடிஎஸ் முடித்து வேலை தேடும்போது முதலில் கேட்பது "சம்பளம் எவ்வளவு?", அடுத்துக் கேட்பது "எத்தனை பர்சன்ட்?", அதாவது வசூலில் உங்கள் பங்கு எவ்வளவு. இந்த இரண்டு பதில்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஆறு மாதத்தில் கிளினிக் மாற வேண்டியிருக்கும். 40 சதவீதம் தரும் கிளினிக்கில் கைக்கு வருவது 35 சதவீதம் தரும் கிளினிக்கைவிடக் குறைவாக இருப்பது சாதாரணமாக நடக்கிறது. எந்தத் தொகையில் சதவீதம், அதற்கு முன் எதையெல்லாம் கழிக்கிறார்கள், உங்கள் கையில் சேர் (நோயாளி உட்காரும் சிகிச்சை நாற்காலி) ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிரம்புகிறது: ஜெனரல் டென்டிஸ்டின் வருமானம் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டுத் தனியார் கிளினிக்குகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கட்டணங்கள் ஊருக்கு ஊர் மாறும், சென்னையிலேயே அண்ணா நகருக்கும் ஆவடிக்கும் மாறும். அதனால் இங்குள்ள தொகைகளை மாதிரியாக எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் விலையைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள்.

எந்த வேலையில் என்ன கிடைக்கும்

தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் வாங்கும்வரை நீங்கள் தனியாகச் சிகிச்சை செய்யக் கூடாது. சிஆர்ஆர்ஐ என்ற கட்டாயப் பயிற்சிக் காலத்தை முடித்து, பதிவு வருவதற்கு முன்பே "சும்மா வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டு வேலை வாங்கும் இடங்கள் உண்டு. பார்க்கலாம், உதவலாம். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸைக் கையில் எடுக்காதீர்கள்.

பதிவு வந்த பிறகு, சென்னை, கோவை போன்ற நகரங்களில் தனியார் கிளினிக் ஒன்றில் முழு நேரம் சேரும் புதியவருக்குப் பெரும்பாலும் மாதம் 15,000 முதல் 25,000 ரூபாய் வரை சொல்கிறார்கள். சிறிய ஊர்களில் 12,000 முதல் 18,000. பல கிளைகள் உள்ள சங்கிலிக் கிளினிக்குகளில் 20,000 முதல் 35,000 வரை கிடைக்கும், கூடவே மாத இலக்கும் வரும். மூன்று முதல் ஐந்து வருடம் கை பழகியவர் நல்ல ஓபி (நோயாளி வரவு) உள்ள இடத்தில் 35,000 முதல் 60,000 வரை வாங்குகிறார். ஐந்து வருடப் படிப்புக்கு இந்தத் தொடக்கச் சம்பளம் மிகக் குறைவு. ஒரு தெருவில் மூன்று கிளினிக் இருக்கும் ஊர்களில் புதியவர் கிடைப்பது எளிது, அதனால் அவருக்கான தொகை ஏறுவதில்லை. ஆனால் கடைவாய்ப் பல்லுக்குத் தனியாக ஆர்சிடி (வேர் சிகிச்சை) செய்யத் தெரிந்தவர் கிடைப்பது எளிதல்ல. அந்த இடத்தில்தான் பேரம் உங்கள் பக்கம் திரும்பும்.

அரசு வேலை என்றால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வரும் உதவி மருத்துவர் (பல்) பணி. அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. அதன்மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. தேர்வில் தமிழ் தகுதித் தாள் கட்டாயம், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். சிக்கல், அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், இடங்களும் சில பத்துதான். அதற்காகக் கிளினிக் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பது சரியான கணக்கு அல்ல. ஒரு வருடம் கை விட்டுப்போனால் மறுபடி பழக நாளாகும். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் ஒப்பந்த அடிப்படையில் பல் மருத்துவர்களை எடுக்கின்றன. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் தொகுப்பூதியம் 34,000 ரூபாய் அளவில் இருந்தது. மாவட்ட இணையதளத்தின் ஆள்சேர்ப்புப் பக்கத்தை மாதம் ஒருமுறை பாருங்கள், விண்ணப்பிக்கப் பெரும்பாலும் இரண்டு வாரம்தான் தருவார்கள். ராணுவப் பல் மருத்துவப் படையில் கேப்டனாகச் சேருபவருக்கு அடிப்படைச் சம்பளம் 61,300, அதோடு ராணுவச் சேவைப் படி 15,500. அதற்கு நீட் எம்டிஎஸ் (முதுநிலைப் பல் மருத்துவ நுழைவுத் தேர்வு) மதிப்பெண் வேண்டும்.

பல் மருத்துவக் கல்லூரிகளில் டியூட்டர் (மாணவர்களுக்குக் கற்பிக்கும்) வேலையும் உண்டு. சம்பளம் கிளினிக் அளவுதான், மாலை நேரம் உங்களுடையது என்பது அதன் லாபம்.

சதவீதம் எதில் என்று கேளுங்கள்

சதவீதக் கணக்கில் மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. நோயாளியிடம் வாங்கிய முழுத் தொகையில் சதவீதம். கேப், பல் செட் செய்து தரும் லேபின் கட்டணத்தைக் கழித்துவிட்டு மீதியில் சதவீதம். லேபோடு மெட்டீரியல் செலவென்று ஒரு பங்கையும் கழித்துவிட்டு மீதியில் சதவீதம். நேர்முகத்தில் மூன்றையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "உங்களுக்கு இத்தனை பர்சன்ட், டாக்டர்."

ஒரே கேஸை மூன்று விதமாகப் போட்டுப் பார்க்கலாம். கீழ்க் கடைவாய்ப் பல், ஆர்சிடி 4,000, அதன்மேல் உறையாகப் போடும் மெட்டல் செராமிக் கேப் 3,500, மொத்தம் 7,500. லேப் பில் 700. மெட்டீரியலுக்கென்று பத்து சதவீதம், அதாவது 750.

முழுத் தொகையில் 35 சதவீதம் என்றால் உங்களுக்கு 2,625 ரூபாய். லேப் போக மீதி 6,800, அதில் 35 சதவீதம் 2,380. லேப், மெட்டீரியல் இரண்டும் போக மீதி 6,050, அதில் 40 சதவீதம் 2,420. அதாவது கடைசி முறையில் சதவீதம் ஐந்து கூடுதல், கைக்கு வருவது 205 ரூபாய் குறைவு. இதற்கு மேல் கிளினிக் உரிமையாளர் தெரிந்தவர் என்று நோயாளிக்குப் பத்து சதவீதம் குறைத்தால் வாங்கிய தொகை 6,750 ஆகிறது. லேப் 700 குறையாது. மெட்டீரியலையும் பழைய 750 என்றே கழித்தால் மீதி 5,300, உங்களுக்கு 2,120. தள்ளுபடியைச் சொன்னவர் அவர், அதில் ஒரு பங்கைச் சுமந்தவர் நீங்கள். ஆகவே "தள்ளுபடி யார் பங்கில் போகும்?" என்று சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு கேள்வி, சதவீதம் சொன்ன தொகைக்கா, வசூலான தொகைக்கா என்பது. பெரும்பாலான இடங்களில் வசூலுக்குத்தான். ஆர்சிடி முதல் சிட்டிங்கில் 2,500 கட்டிவிட்டு, வலி போனதும் வராமல் போகும் நோயாளிகள் எல்லா ஊரிலும் உண்டு. நீங்கள் 60 நிமிடம் உழைத்து வேர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்து முடித்திருப்பீர்கள். கேப்புக்கு அவர் திரும்பவில்லை என்றால் பெரிய தொகை வராது. இதற்கு மருந்து, முதல் நாளே முழுத் திட்டத்தையும் எழுதிக் கொடுப்பது, எந்தச் சிட்டிங்கில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பிரித்துச் சொல்வது, கேப் போடாமல் விட்டால் அந்தப் பல் உடையும் என்பதை எக்ஸ்ரேயில் காட்டி விளக்குவது. இதை ஒழுங்காகச் செய்பவரின் வசூல் அதே ஓபியில் கூடும்.

நிலையான சம்பளமா, சதவீதமா என்ற கேள்விக்கும் கணக்குதான் பதில். 22,000 நிலையான சம்பளம் ஒரு பக்கம், செலவு போக மீதியில் 30 சதவீதம் இன்னொரு பக்கம் என்று வைப்போம். லேபும் மெட்டீரியலும் சேர்ந்து வசூலில் 25 சதவீதம் போனால், 100 ரூபாய் வசூலில் உங்கள் பங்கு 22 ரூபாய் 50 காசு. 22,000 வர மாதம் சுமார் 97,800 ரூபாய் வசூல் உங்கள் கையால் நடக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் சம்பளம் நல்லது, மேலே என்றால் சதவீதம் நல்லது. மாத வசூல் 2 லட்சம் ஆனால் சதவீதத்தில் 45,000 வரும். 80,000 ஆனால் 18,000தான்.

முதல் ஆறு மாதத்துக்கு நிலையான சம்பளம், பிறகு சதவீதம், அதிலும் மினிமம் கேரண்டி என்று பேசுவது புதியவருக்கு மிகவும் பாதுகாப்பான ஏற்பாடு. கேரண்டி என்றால் சதவீதம் குறைவாக வந்தாலும் குறிப்பிட்ட தொகை உறுதி. பல உரிமையாளர்கள் கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள், கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை.

சேர் நேரத்தை அளந்து பாருங்கள்

கட்டணப் பட்டியலைப் பார்த்து "இது பெரிய தொகை, இதில்தான் வருமானம்" என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுத்தம் செய்வது) 1,000 ரூபாய், 40 நிமிடம்: மணிக்கு 1,500. சாதாரணமாகப் பல் எடுப்பது 700 ரூபாய், மரத்துப்போகக் காத்திருப்பதோடு 25 நிமிடம்: மணிக்கு 1,680. சொத்தை அடைப்பது 1,000, 35 நிமிடம்: மணிக்குச் சுமார் 1,700. மேலே சொன்ன ஆர்சிடியும் கேப்பும் சேர்ந்தால், ஆர்சிடிக்கு 90 நிமிடம், பல்லைச் செதுக்கி அளவு எடுக்க 50, கேப் ஒட்ட 20, மொத்தம் 160 நிமிடம். லேப் போக 6,800 என்பது மணிக்கு 2,550. புதைந்திருக்கும் ஞானப்பல்லை அறுவை செய்து எடுப்பது 5,000, 75 நிமிடம்: மணிக்கு 4,000.

முழுப் பல் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 15,000 ரூபாய் என்றதும் பெரிதாகத் தெரியும். லேப் 3,500 போனால் 11,500. முதல் அளவு, இரண்டாவது அளவு, கடி அளவு, மெழுகில் வைத்துப் பார்ப்பது, செட் கொடுப்பது என்று ஐந்து முறை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். பிறகு "இங்கே குத்துது" என்று மூன்று முறையாவது வருவார், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். மொத்தம் 260 நிமிடம், மணிக்கு 2,650. மூன்று முறை ஆறு முறை ஆனால் 2,150க்கு இறங்கிவிடும். கடி அளவை அவசரமாக எடுத்தால் இந்த ஆறு முறை நிச்சயம். வயதானவர் தாடையை முன்னால் தள்ளிக் கடிப்பதைக் கவனிக்காமல் பதிவு செய்துவிட்டு, மெழுகுச் செட்டிலும் சரிபார்க்காமல் விட்டால், முடித்த செட்டை எத்தனை ராவினாலும் உட்காராது. கடைசியில் முழுவதும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

இனி நாள் கணக்கு. கிளினிக் காலை 10 முதல் 2 வரை, மாலை 5 முதல் 9 வரை என எட்டு மணி நேரம் திறந்திருக்கும். அதில் உங்கள் கையில் சேர் நிரம்பியிருப்பது 2 மணி நேரம் என்றால், மணிக்கு 1,800 வீதம் 25 நாளில் 90,000. அதில் 30 சதவீதம் 27,000. அதே சதவீதம், அதே கட்டணம், சேர் 4 மணி நேரம் நிரம்பினால் 54,000. ஆகவே ஐந்து சதவீதம் கூடுதலாகப் பேரம் பேசுவதைவிட, ஓபி எப்படி என்று விசாரிப்பது உங்களுக்கு அதிகம் தரும்.

இந்தியாவில் பல் சிகிச்சைக்கான புறநோயாளிச் செலவை மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் தருவதில்லை. நோயாளி தன் கையிலிருந்து கட்டுகிறார். அதனால் மாதத்தின் முதல் பத்து நாளும் கடைசிப் பத்து நாளும் ஒன்றாக இருக்காது. ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டும் வாரங்கள் மந்தம், தீபாவளி வாரம் வெறிச்சோடும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வருவார்கள். கல்யாண மாதங்களுக்கு முன் ஸ்கேலிங்கும் முன்பல் வேலையும் கூடும். டிசம்பர், ஜனவரியில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்வார்கள். ஒரே ஒரு மாதத்தின் வசூலைக் காட்டி "இங்கே இவ்வளவு வரும்" என்றால் நம்பாமல், மூன்று மாதமாவது கேளுங்கள்.

சேரும் முன் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை

நேர்முகத்துக்குப் போகும்போது மாலை ஏழு மணிக்குப் போய், வரவேற்பில் அரை மணி நேரம் உட்காருங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் புதியவர்கள் என்று கண்ணால் தெரியும். ஸ்டெரிலைசேஷன் அறையைப் பார்க்கக் கேளுங்கள். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஓடுகிறதா, ஹேண்ட்பீஸ் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு சேருக்கு இரண்டு ஹேண்ட்பீஸ் மட்டும் இருந்தால், ஒன்று சுத்தமாகும்வரை நோயாளி காத்திருப்பார், அல்லது சுத்தம் செய்யாமலே அடுத்தவருக்குப் போகும். இரண்டாவது நடக்கும் இடத்தில் எவ்வளவு கொடுத்தாலும் சேர வேண்டாம்.

பிறகு இவற்றைக் கேளுங்கள்: கடந்த மூன்று மாதத்தின் ஓபி எண்ணிக்கை, கட்டணப் பட்டியல், புதிய நோயாளியை யார் பார்ப்பது, கடைவாய்ப் பல் ஆர்சிடி வெளியிலிருந்து வரும் கன்சல்டண்டுக்குப் போகுமா உங்களுக்கா, கேப் திரும்பி வந்தால் இரண்டாவது லேப் பில் யாருடையது, கணக்கு எந்தத் தேதியில் முடித்துப் பணம் எந்தத் தேதியில் வரும். மூன்றாவதும் நான்காவதும் மிக முக்கியம். கன்சல்டண்ட் ஒரு ஆர்சிடிக்கு 1,500 முதல் 2,500 வரை வாங்கிக்கொண்டு போவார், உங்களுக்கு ஸ்கேலிங்கும் அடைப்பும்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட இடத்தில் 40 சதவீதம் என்றாலும் தொகை சிறிதாகவே இருக்கும், கையும் வளராது.

பேசியதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை எந்தக் கிளினிக்கிலும் கொடுக்காதீர்கள், சுய சான்றொப்பமிட்ட நகல் போதும். "வேலையை விட்ட பிறகு ஐந்து கிலோமீட்டருக்குள் இரண்டு வருடம் பிராக்டிஸ் செய்யக் கூடாது" என்ற நிபந்தனை ஒப்பந்தங்களில் வருகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி, வேலையை விட்ட பின் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் நோயாளிகளின் போன் எண் பட்டியலை எடுத்துக்கொண்டு போவது வேறு விஷயம், அதைச் செய்யக் கூடாது. நோட்டீஸ் காலம் ஒரு மாதம் என்றால் இரு பக்கத்துக்கும் ஒரு மாதம் என்று எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் கணக்கை நீங்களே எழுதுங்கள்

சதவீதத்தில் வேலை செய்பவர் தன் கணக்கைத் தானே வைத்திருக்க வேண்டும். சாதாரண நீள நோட்டு போதும். தேதி, ஓபி எண், பல் எண், செய்தது, சொன்ன தொகை, இன்று வாங்கியது, மீதி, லேப் பில். ஒரு வரி இப்படி இருக்கும்: "12ஆம் தேதி, ஓபி 2148, 46, ஆர்சிடி முதல் சிட்டிங், 4,000, வாங்கியது 2,500, மீதி 1,500, லேப் இல்லை." நோயாளியின் பெயர் எழுத வேண்டாம், ஓபி எண்ணே போதும். அது அவருடைய அந்தரங்கம்.

மாத முடிவில் கிளினிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். வழக்கமாக விடுபடுவது எது தெரியுமா? நீங்கள் லீவில் இருந்த நாளில் நோயாளி வந்து கட்டிய மீதித் தொகை. வேலையை நீங்கள் செய்தீர்கள், பணத்தை வரவேற்பில் வாங்கினார்கள், அன்று இருந்த டாக்டர் பெயரில் பதிவானது. பெரும்பாலும் கவனக்குறைவுதான், ஏமாற்று அல்ல. ஓபி எண்ணோடு காட்டினால் சண்டையில்லாமல் சரியாகிவிடும்.

தொகையை ஏற்றுவதும் இறக்குவதும்

முதல் இரண்டு வருடத்தில் வருமானத்தை மாற்றும் கைத்திறன் இரண்டு: கடைவாய்ப் பல் ஆர்சிடி, அறுவை முறையில் பல் எடுப்பது. இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்) கோர்ஸுக்கு முதல் வருடமே பெரிய தொகை கட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சான்றிதழ் வந்துவிடும், கேஸ் வராது. புதியவரை நம்பி 30,000 ரூபாய் இம்ப்ளான்ட்டுக்கு உட்காரும் நோயாளி குறைவு. ஆனால் ஆர்சிடி தேவைப்படுபவர் தினம் வருவார். எடுத்த பற்களைச் சேகரித்து, கிருமி நீக்கி, வாரம் இரண்டு பல்லாவது ரோட்டரி ஃபைலில் (வேர்க் கால்வாயைச் சுத்தம் செய்யும், மோட்டாரில் சுழலும் ஊசி) பழகுங்கள். செலவு ஃபைலுக்கு மட்டும்தான்.

ஆர்சிடியில் பணத்தைத் தின்பது தோல்விதான். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் முன்வேரில் இரண்டாவது கால்வாய் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடாமல் மூன்று கால்வாயோடு அடைத்தால், ஒரு வருடம் கழித்து வலியோடு வருவார். அப்போது பழைய அடைப்பை எடுத்துத் திரும்பச் செய்ய ஒன்றரை மணி நேரம், கட்டணம் கேட்க முடியாது. இன்னொன்று ஃபைல் உடைவது. ஒரே ஃபைலைக் கணக்கில்லாமல் பல கேஸ்களுக்கு ஓட்டுவதும், கையால் வழி போடாமல் நேராக ரோட்டரியை இறக்குவதும்தான் வழக்கமான காரணங்கள். ஒவ்வொரு ஃபைலும் எத்தனை பல்லுக்கு ஓடியது என்று பெட்டியில் கோடு போட்டு வையுங்கள். உடைந்தால் மறைக்காமல் நோயாளியிடம் சொல்லி, கேஸ் தாளில் எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் உங்களைக் காப்பது அந்தக் குறிப்புதான். வருடத்துக்குச் சில ஆயிரத்தில் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு கிடைக்கிறது. முதல் சம்பளத்திலேயே எடுங்கள்.

கேப் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவெடுப்பில் இருக்கும். ஈறில் ரத்தம் கசியும்போதே அளவு எடுத்தால் மார்ஜின் (செதுக்கிய பல்லின் விளிம்பு) தெளிவாக விழாது. லேபில் ஊகித்துச் செய்வார்கள், கேப் பல்லில் முழுதாக இறங்காது. ரத்தம் நிற்காவிட்டால் தற்காலிக கேப் போட்டு ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். ஆல்ஜினேட் என்ற அளவெடுக்கும் பசையில் எடுத்த அளவை மாலைவரை மேசையில் வைத்துவிட்டு லேபுக்கு அனுப்பினால் அது சுருங்கியிருக்கும். உடனே மாவு ஊற்றச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்து லேப் தவறினால் பெரும்பாலான லேப்கள் இலவசமாகத் திரும்பச் செய்து தரும். அளவே தவறு என்றால் இரண்டாவது பில் வரும், அதோடு உங்கள் 50 நிமிடமும் போகும்.

மாத இலக்கு வைக்கும் இடங்களில் ஒரு நெருக்கடி வரும். மாதக் கடைசியில் இலக்குக்கு 20,000 குறைந்தால், அடைத்தாலே போதுமான பல்லுக்கு ஆர்சிடி சொல்லத் தூண்டுதல் இருக்கும். செய்யாதீர்கள். நல்ல பல்லைக் குடைந்தால் அது திரும்பி வராது, அந்தக் குடும்பமும் திரும்பி வராது. நோயாளியை அனுப்புபவருக்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2014ஆம் ஆண்டு பல் மருத்துவர் நெறிமுறை விதிகளில் தடை செய்யப்பட்டவை.

எம்டிஎஸ் படித்தால் கூடுமா?

கூடும், ஆனால் எந்தத் துறை, என்ன கட்டணம் என்பதைப் பொறுத்தது. மூன்று வருடக் கட்டணத்தோடு, அந்த மூன்று வருடம் நீங்கள் சம்பாதிக்காமல் விட்டதையும் சேருங்கள். மாதம் 30,000 என்றால் அதுவே 10 லட்சத்து 80 ஆயிரம். அரசு இடத்தில் கிடைத்தால் தயங்காமல் சேரலாம். கடன் வாங்கித் தனியாரில் படிப்பதென்றால், பல கிளினிக்குகள் கேஸுக்குக் கூப்பிடும் துறையா என்று முதலில் பாருங்கள். வேர் சிகிச்சை, பல் சீரமைப்பு, முக அறுவை இவற்றுக்குக் கூப்பிடுவார்கள்.

சொந்தக் கிளினிக்: மாதம் எவ்வளவு வந்தால் தாங்கும்

ஒரு சேர் கிளினிக்குக்கு, சேர், எண்ணெய் இல்லாத கம்ப்ரஸர், எக்ஸ்ரே, ஆர்விஜி (டிஜிட்டல் எக்ஸ்ரே சென்சார்), ஆட்டோகிளேவ், எண்டோ மோட்டார் (ஆர்சிடிக்கான மோட்டார்), உள் வேலை, அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 10 முதல் 15 லட்சம் ஆகும். 10 லட்சம் கடன், ஐந்து வருடம், 11 சதவீத வட்டி என்றால் தவணை மாதம் சுமார் 21,700. வாடகை 25,000, இரண்டு பணியாளர் 24,000, மின்சாரம் 5,000, போன், மருத்துவக் கழிவு, மற்றவை 3,000, பழுதுக்கென்று 3,000. மொத்தம் 81,700. ஒரு நோயாளிகூட வராவிட்டாலும் போகும் பணம் இது.

லேபும் மெட்டீரியலும் வசூலில் 25 சதவீதம் என்றால், கையைக் கடிக்காமல் இருக்க மாதம் சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் வசூலாக வேண்டும். நீங்கள் 50,000 எடுக்க 1 லட்சத்து 75 ஆயிரத்துக்குச் சற்று மேல், 25 நாளில் நாளுக்கு 7,000 ரூபாய். முதல் வருடம் இந்த அளவு வருவது கடினம். ஆறு மாதச் செலவுப் பணம் தனியாக இல்லாமல் திறக்க வேண்டாம். காலையில் வேறு கிளினிக்கில் வேலை, மாலையில் சொந்தக் கிளினிக் என்று முதல் இரண்டு வருடம் ஓட்டுபவர்களே பெரும்பாலும் நிலைத்து நிற்கிறார்கள்.

திறக்கும் முன், மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்டச் சுகாதார இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மருத்துவக் கழிவு அங்கீகாரம், எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இணையதளத்தில் பதிவு ஆகிய மூன்றும் வேண்டும். சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதனால் சேர் வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற முடியாது, அதையும் செலவில் சேர்த்தே கணக்கிடுங்கள்.

வரியில் விட்டுவிடும் பணம்

சதவீதத்தில் வாங்கும் தொகை சம்பளம் அல்ல, தொழில்முறைக் கட்டணம். வருடத்தில் 50,000 தாண்டினால் கிளினிக் பத்து சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்கலாம். அப்படிப் பிடித்தால், மாதம் 35,000 வாங்குபவருக்கு வருடத்தில் 42,000 ரூபாய் பிடிபடும். புதிய வரி முறையில் 12 லட்சம்வரை வருமானத்துக்கு வரி வராது என்பதால் இந்த 42,000 முழுதும் திரும்ப வரும், ரிட்டர்ன் தாக்கல் செய்தால்! தாக்கல் செய்யாமல் இதை அரசிடமே விட்டுவிடும் இளம் டாக்டர்கள் ஏராளம். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை லாபமாகக் காட்டும் அனுமான முறையும் உண்டு, கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. கிளினிக் பிடித்த பணத்தை உண்மையில் கட்டியதா என்று வருமான வரி இணையதளத்தில் உள்ள உங்கள் வரிப் பிடித்தக் கணக்கில் பாருங்கள். இரண்டு, மூன்று வருட ரிட்டர்ன் கையில் இருந்தால்தான் பின்னால் கிளினிக் கடனுக்கு வங்கி முகம் கொடுக்கும்.

வளைகுடா, வெளிநாடு

வளைகுடா நாடுகளுக்குப் போக நினைப்பவர்கள் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் உரிமத் தேர்வுக்கும் இடம் கொடுத்துத் திட்டமிட வேண்டும். அனுபவச் சான்று கேட்பார்கள். ஆகவே வேலை செய்யும் ஒவ்வொரு கிளினிக்கிலும் விடும் நாளிலேயே, சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதிவு எண்ணோடு கடிதம் வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துக் கேட்டால் அந்தக் கிளினிக்கே இருக்காது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் தனித் தனித் தேர்வுகள், அமெரிக்காவில் பெரும்பாலும் திரும்ப இரண்டு மூன்று வருடப் படிப்பு.

வருடம் ஒருமுறை பேசுங்கள்

சம்பள உயர்வைக் கேட்கும்போது உங்கள் கணக்கு நோட்டைக் கொண்டு போங்கள். "ஒரு வருடம் ஆகிவிட்டது" என்பதைவிட, "ஜனவரியில் என் வசூல் 85,000, இப்போது 1 லட்சத்து 60 ஆயிரம், திரும்பி வந்த கேப் இரண்டு" என்பது பேச்சை எளிதாக்கும். உரிமையாளருக்கும் தன் செலவு தெரியும். அவர் தரக்கூடிய இடம் எங்கே என்று பாருங்கள். சதவீதத்தை ஏற்ற முடியாது என்றால், கடைவாய்ப் பல் கேஸ்களை உங்களுக்கு விடச் சொல்லுங்கள். மெட்டீரியல் கழிவை எடுக்கச் சொல்லுங்கள். 7,500 ரூபாய் கேஸில் 750 கழிவு போனால், 40 சதவீதக்காரருக்குக் கேஸுக்கு 300 ரூபாய் கூடுகிறது. மாதம் 20 கேஸ் என்றால் 6,000. இதுவும் முடியாது, கேஸும் தர முடியாது என்றால் நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, தொடங்கிய ஆர்சிடிகளை எல்லாம் அடைத்து, அனுபவக் கடிதமும் கணக்கும் வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.